வீட்டில் ஒலிப்பதிவு: தனித்தியங்கும் பல்தட ஒலிப்பதிவுக் கருவியைத் தேர்ந்தெடுத்தலும் கையாளுதலும்

பேசி முடித்த சொல்லும் பாடி முடித்த பாட்டும் காற்றோடு கலந்து மறைபவை. அவற்றைப் பிடித்து வைக்கும் வழி மனிதனுக்குக் கிட்டி ஒன்றரை நூற்றாண்டுக் காலமே ஆகிறது. இந்தியாவில் இசைத்தட்டுக்கான பதிவு 1902ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கல்கத்தாவில் நடைபெற்றபோது, கௌஹர் ஜான் போன்ற பாடகர்கள் ஓர் ஊதுகுழலின் வாய்க்கு எதிரே நின்று, சுமார் மூன்று நிமிட நேரத்திற்குள் பாட்டை முடிக்க வேண்டியிருந்தது. பக்கவாத்தியக்காரர் ஒருவர் தவறினாலும் அனைவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பதிந்தபின் ஒருவரது ஒலியை மட்டும் கூட்டவோ குறைக்கவோ இயலாது.

இன்று அந்நிலை முற்றிலும் மாறிவிட்டது. ஒரு பாடநூலின் அளவேயுள்ள கருவியைக் கொண்டு, வீட்டின் ஓர் அறையிலேயே, ஒவ்வொரு குரலையும் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியே பதிந்து, பின்னர் அவற்றை வேண்டிய அளவில் கலந்து கொள்ளலாம். ஆயினும் கருவி கையிலிருப்பதால் மட்டும் பதிவு நன்றாக அமைந்துவிடுவதில்லை. களப்பணியாளர் ஒருவர், ஒரு பழைய பாட்டை முழுவதும் அறிந்த முதியவரை அரிதில் தேடி அழைத்து வந்து பாடச் செய்கிறார் என்று கொள்க. ஒலிமட்டம் மிகுந்து குரல் சிதைந்துபோனாலோ, மின்கலம் இடையில் தீர்ந்துபோனாலோ, அந்த இழப்பை ஈடு செய்ய அம்முதியவர் மறுமுறை கிடைப்பார் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் கையாளும் முறையையும் முன்னதாகவே கற்றிருத்தல் இன்றியமையாதது.

பல்தடப் பதிவு என்பது யாது?

சாதாரண ஒலிப்பதிவில் எல்லா ஒலிகளும் ஒன்றாகக் கலந்தே பதிவாகின்றன. கலந்த பாலிலிருந்து நீரைப் பிரிக்க இயலாதது போல, அவ்வாறு பதிந்த ஒலியிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்தெடுப்பது கடினம். பல்தடப் பதிவில் ஒவ்வொரு ஒலிக்கும் தனித்தனிப் பாதை உண்டு. இப்பாதைக்குத் தடம் என்று பெயர். எல்லாத் தடங்களும் ஒரே காலக்கணக்கில் இணைந்து ஓடுகின்றன. முதல் தடத்தில் சுருதியைப் பதிந்து, அதைக் கேட்டுக்கொண்டே இரண்டாம் தடத்தில் பாட்டையும், இரண்டையும் கேட்டுக்கொண்டே மூன்றாம் தடத்தில் ஆர்மோனியத்தையும் பதியலாம். இவ்வாறு முன் பதிவின்மேல் புதியதைச் சேர்ப்பதற்கு மேற்பதிவு என்று பெயர்.

இம்முறையின் வளர்ச்சி அறியத்தக்கது. காந்த நாடாக் கருவிகளில், பதியும் முனையும் ஒலிக்கச் செய்யும் முனையும் சில சென்டிமீட்டர் இடைவெளியில் அமைந்திருந்தன. நாடா விநாடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும்போது, 3.8 சென்டிமீட்டர் இடைவெளி இருப்பின், பழைய தடத்தின் ஒலி விநாடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தியே காதில் விழும். அதைக் கேட்டுப் பாடினால் தாளம் பொருந்தாது. பதியும் முனையையே பழைய தடங்களை ஒலிக்கச் செய்யவும் பயன்படுத்தியதால் இக்குறை நீங்கிற்று. அமெரிக்க கிதார் கலைஞர் லெஸ் பாலுக்கு, 1957இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் இத்தகைய அமைப்புடன் கூடிய 8 தடக் கருவியை அளித்தது. அது ஆளுயரம் உள்ள பெரிய இயந்திரம்.

பல்தடப் பதிவு சாதாரண வீடுகளுக்குள் நுழைந்தது 1979இல் டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ 144 என்னும் கருவி வெளிவந்தபோதாகும். கடையில் கிடைக்கும் சிறு கேசட்டிலேயே 4 தடங்களை அது ஒரே திசையில் பதிந்தது. கலக்கும் பலகையும் அதே பெட்டியில் அமைந்திருந்தது. 1982 ஜனவரியில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், நியூ ஜெர்சியில் தம் வீட்டில் இக்கருவியையும் இரண்டு ஒலிவாங்கிகளையும் கொண்டு, பின்னர் குழுவுடன் பாடுவதற்கான மாதிரியாகச் சில பாடல்களைப் பதிந்தார். பெரிய ஒலிப்பதிவுக் கூடத்தில் குழுவுடன் பாடியபோது அப்பாடல்களின் உயிர் குன்றியதாகத் தோன்றியமையால், அக்கேசட்டே அதே ஆண்டில் ‘நெப்ராஸ்கா’ என்னும் இசைத்தட்டாக வெளியிடப்பட்டது. ஆனால் நாடாவிலிருந்து இசைத்தட்டுக்கு அதை மாற்றுவதில் பெருந்தொல்லை ஏற்பட்டது. வீட்டுப் பதிவின் சிறப்பையும், பதியும்போதே ஒலித்தரத்தில் கவனம் வேண்டும் என்னும் எச்சரிக்கையையும் இவ்வொரு நிகழ்ச்சியே ஒருங்கே காட்டுகிறது.

தனித்தியங்கும் கருவி எப்போது தேவை?

கணிப்பொறியாலும் பல்தடப் பதிவு செய்யலாம். அவ்வாறிருக்கத் தனிக்கருவி எதற்கு என்னும் ஐயம் எழுதல் இயல்பு. கணிப்பொறியின் விசிறி ஓசை ஒலிவாங்கியில் புகும். பாடுவோரின் குரல் கணிப்பொறிக்குள் சென்று திரும்பிக் காதில் விழுவதற்குள் சிறிது காலத்தாழ்வு நேரலாம். இடையில் பிற நிரல்கள் குறுக்கிடக்கூடும். தனிக்கருவியில் இத்தொல்லைகள் குறைவு. மின்கலத்தில் இயங்கும் கருவியைச் சிற்றூருக்கும் எடுத்துச் செல்லலாம். பதிந்தபின் நுணுக்கமாக வெட்டி ஒட்டுவதற்குக் கணிப்பொறியே ஏற்றது. ஆகவே தனிக்கருவியில் பதிந்து, தேவையாயின் கணிப்பொறியில் சீர் செய்தல் நல்ல வழியாகும்.

ஒருவர் பேசுவதையோ கதை சொல்வதையோ மட்டும் பதிவு செய்வதாயின் பல்தடக் கருவி வேண்டியதில்லை. இரு தடங்கள் கொண்ட கைக்கருவியே போதும். தேவையற்ற கருவியில் செலவிடும் பணத்தை நல்ல ஒலிவாங்கிக்குச் செலவிடுதல் மேல்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் நோக்க வேண்டியது, தடங்களின் எண்ணிக்கைக்கும் ஒரே நேரத்தில் பதியக்கூடிய உள்ளீடுகளின் எண்ணிக்கைக்கும் உள்ள வேறுபாடு. வாங்குவோர் பலர் ஏமாறும் இடம் இதுவே. பெட்டியின்மேல் ‘8 தடம்’ என்று அச்சிட்டிருப்பினும், ஒரே நேரத்தில் இரண்டு தடங்களை மட்டுமே பதியும் கருவிகள் உண்டு. டாஸ்காம் டிபி-008இஎக்ஸ், ஜூம் ஆர்8 ஆகியவை இவ்வகையின. ஜூம் ஆர்16 என்னும் கருவியோ 16 தடங்களைக் கொண்டு, அவற்றுள் 8 தடங்களை ஒரே நேரத்தில் பதியவல்லது.

இவ்விரண்டில் எது வேண்டும் என்பதை வேலையின் தன்மையே முடிவு செய்யும். இரு எடுத்துக்காட்டுகளால் இது விளங்கும்.

மேற்கு ராஜஸ்தானத்து மாங்கணியார் பாடகர் குழு ஒன்றைப் பதிய வேண்டும் எனக் கொள்க. பாடகர், காமாய்ச்சா வாசிப்பவர், டோலக் வாசிப்பவர், கர்த்தால் என்னும் மரக்கட்டைகளைத் தட்டுபவர் ஆகிய நால்வரும் ஒருவரையொருவர் கண்டும் கேட்டும் இசைப்பவர்கள். ஒவ்வொருவராக அழைத்துத் தனியே வாசிக்கச் சொன்னால் அவ்விசையின் இயல்பு கெடும். ஆகவே இங்கு ஒரே நேரத்தில் குறைந்தது 4 உள்ளீடுகள் தேவை.

இதற்கு மாறாக, ஓர் இசையாசிரியர் தம் மாணவர்க்குப் பயிற்சிப் பாடம் அமைக்கிறார் எனக் கொள்க. தம்பூராவைப் பதிந்து, தாளத்தைப் பதிந்து, பின் தாமே பாடி, தாமே ஆர்மோனியம் வாசிக்கிறார். எந்த நேரத்திலும் ஒன்று அல்லது இரண்டு ஒலிகளே பதிவாகின்றன. இவருக்கு 2 உள்ளீடுகளும் 8 தடங்களும் கொண்ட சிறு கருவியே போதும். பாடம் முடிந்தபின் குரல் உள்ள தடத்தை மட்டும் அடக்கிவிட்டால், சுருதியும் தாளமும் ஆர்மோனியமும் ஒலிக்க, மாணவர் தாமே பாடிப் பழகலாம். மொழிப்பாடத்திலும் இம்முறை உதவும்: உரையாடலில் இருவர் பேச்சையும் வெவ்வேறு தடங்களில் பதிந்து, ஒருவரது பேச்சை அடக்கி, அவ்விடத்தில் மாணவரைப் பேசச் செய்யலாம். கலந்த பதிவில் கிட்டாத இவ்வசதியே ஆசிரியர்க்குப் பல்தடக் கருவியால் விளையும் முதற்பயன்.

இரண்டாவது, இணைப்பு வகைகள். எக்ஸ்.எல்.ஆர். எனப்படும் மூன்று ஊசி இணைப்பு நல்ல ஒலிவாங்கிகளுக்கு உரியது. அதில் ஓசையைச் சுமக்கும் இரு கம்பிகள் உள்ளமையால், வெளியிலிருந்து புகும் மின் இரைச்சல் இரண்டிலும் ஒன்றுபோல் புகுந்து, கருவியினுள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்கிறது. நீண்ட கம்பி தேவைப்படும் இடங்களில் இது மிகவும் பயன்படும். மின்தேக்கி வகை ஒலிவாங்கிகளுக்குக் கருவியே 48 வோல்ட் மின்சாரம் அளிக்க வேண்டும். பாண்டம் மின்சாரம் எனப்படும் இவ்வசதி கருவியில் உண்டா, எத்தனை உள்ளீடுகளுக்கு உண்டு என்பதைக் கேட்டறிதல் வேண்டும். மின் கிதார், காந்தப் பிக்கப் பொருத்திய வீணை ஆகியவற்றை நேரே இணைப்பதற்கு உயர் மின்தடை உள்ளீடு தேவை. அஃதின்றி இணைத்தால் ஒலி மங்கிக் கேட்கும்.

மூன்றாவது, எண்முறைத் தரம். எண்முறைக் கருவி ஒலியலையை ஒரு விநாடியில் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக எழுதுகிறது. மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளைக் கேட்கும். ஓர் அலையைப் பழுதின்றிக் குறிக்க, அதன் அதிர்வெண்ணின் இரு மடங்கிற்கு மேற்பட்ட முறை அளக்க வேண்டும். ஆகவே விநாடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளப்பது போதுமானது. ஒவ்வோர் அளவையும் எழுதும் நுணுக்கம் பிட் எனப்படும். 16 பிட் முறையில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடம் உண்டு. 24 பிட் முறையில் கணக்குப்படி 144 டெசிபல் உண்டு. 24 பிட் முறையில் பதிவோர், ஒலிமட்டத்தைச் சற்றுத் தாழ்த்தியே வைத்து, சிதைவு நேராமல் காத்துக்கொள்ளலாம். களப்பதிவுக்கு 24 பிட் உள்ள கருவியையே தேர்ந்தெடுப்பது நலம்.

நான்காவது, நினைவு அட்டையின் கொள்ளளவு. இதை எளிய கணக்கால் அறியலாம். விநாடிக்கு 48,000 அளவுகள், ஒவ்வொன்றும் 24 பிட், அதாவது 3 பைட். ஆகவே ஒரு தடத்திற்கு விநாடிக்கு 1,44,000 பைட். ஒரு நிமிடத்திற்கு 8.64 மெகாபைட். 8 தடங்களில் ஒரு மணி நேரம் பதிந்தால் 8.64 × 60 × 8 = 4,147 மெகாபைட், ஏறத்தாழ 4.15 கிகாபைட். 32 கிகாபைட் அட்டையில் இவ்வாறு 7 மணி நேரத்திற்கு மேல் பதியலாம். கருவி எவ்வகை அட்டையை, எவ்வளவு கொள்ளளவு வரை ஏற்கும் என்பதை அதன் கையேட்டில் பார்த்த பின்னரே அட்டை வாங்க வேண்டும். அட்டையைக் கணிப்பொறியில் அன்றி, அக்கருவியிலேயே வைத்து ஒழுங்கமைத்தல் சிறந்தது.

ஐந்தாவது, மின்சாரம். மின்வெட்டு நேரும் இடங்களில், சுவர் மின்சாரத்தில் மட்டும் இயங்கும் கருவி நம்பத்தக்கதன்று. பல கருவிகள் பதிவை நிறுத்தும் பொத்தானை அழுத்திய பின்னரே கோப்பை முறையாக முடித்து எழுதுகின்றன. இடையில் மின்சாரம் நின்றால் அதுவரை பாடியது முழுவதும் கெடக்கூடும். எங்கும் எளிதில் கிடைக்கும் சிறு மின்கலங்களில் இயங்கும் கருவியே களத்திற்கு ஏற்றது. பாண்டம் மின்சாரத்தை இயக்கினால் மின்கலம் விரைவில் தீரும் என்பதையும் கருத்திற்கொள்க.

அறையை ஆயத்தம் செய்தல்

விலையுயர்ந்த கருவியைவிட அமைதியான அறை அதிகப் பயன் தரும். காரைச் சுவர்களும் சிமெண்டுத் தரையும் உள்ள வெற்றறையில் கைதட்டிப் பார்த்தால் ஒலி சற்று நேரம் அதிர்ந்து அடங்குவதைக் கேட்கலாம். இவ்வெதிரொலி குரலோடு சேர்ந்து பதிவாகிவிட்டால் பின்னர் அதை நீக்குதல் அரிது. தரையில் ஜமக்காளம் விரித்தும், பாடுவோரின் பின்னும் பக்கங்களிலும் மெத்தை, போர்வை, தடித்த திரை ஆகியவற்றைத் தொங்கவிட்டும் எதிரொலியைத் தணிக்கலாம். புத்தகங்கள் நிறைந்த அலமாரியும் ஒலியைச் சிதறச் செய்து உதவும். அறையின் மூலையில் தாழ்ந்த ஒலிகள் மிகுந்து கேட்குமாதலால் மூலையையும், இரு சுவர்களுக்கு நேர் நடுவையும் தவிர்க்க வேண்டும்.

அடுத்து, மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, சுவர்க்கடிகாரம் ஆகியவற்றின் ஓசை. பழகிய செவிக்கு இவை கேட்பதில்லை, ஒலிவாங்கிக்குக் கேட்கும். பதிவுக்கு முன் அரை நிமிடம் எவரும் பேசாதிருக்க, ஹெட்போன் அணிந்து அறையின் அமைதியைக் கேட்டறிதல் நல்ல வழக்கம். விடியற்காலமும், தெரு அடங்கிய பின்னிரவும் பதிவுக்கு ஏற்ற நேரங்கள். கைப்பேசியை அறைக்கு வெளியே வைப்பது நன்று.

ஒலிவாங்கியை அமைத்தல்

ஒலிவாங்கிகளுள் இயங்குசுருள் வகை, மின்தேக்கி வகை என இரண்டு பெரும்பாலும் வழக்கில் உள்ளன. இயங்குசுருள் வகை உறுதியானது. உரத்த ஒலியைத் தாங்கும். அறையின் எதிரொலியைக் குறைவாகவே காட்டும். டோலக், தவில் போன்றவற்றிற்கும், செப்பனிடாத அறையில் குரலுக்கும் இது ஏற்றது. மின்தேக்கி வகை மெல்லிய ஒலியையும் நுட்பமாகப் பிடிக்கும். அமைதியான அறையில் குரலுக்கும் நரம்பு வாத்தியங்களுக்கும் சிறந்தது.

ஒலி தோன்றும் இடத்திலிருந்து தொலைவு இரு மடங்கானால் ஒலிமட்டம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். பாடுவோர் தலையை முன்னும் பின்னும் அசைத்தால் ஒலி ஏறியிறங்குவது இதனாலேயே. வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் 20 முதல் 30 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கலாம். மிக நெருங்கினால் குரலின் தாழ்ந்த பகுதி இயல்புக்கு மேல் கனத்துக் கேட்கும். ‘ப’ போன்ற எழுத்துகளை ஒலிக்கும்போது மூச்சுக்காற்று மோதி வெடியோசை உண்டாகும். ஒலிவாங்கியை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் இக்குறை நீங்கும்.

இரண்டு ஒலிவாங்கிகளை வைக்கும்போது, ஒன்று தன் பாடகரிடமிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளதோ, அதைப்போல் மும்மடங்கு தொலைவேனும் இரு ஒலிவாங்கிகளுக்கும் இடையே இருத்தல் வேண்டும். பாடகர் 30 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பின், அடுத்த ஒலிவாங்கி 90 சென்டிமீட்டர் அப்பால் இருக்க வேண்டும். இல்லையேல் ஒரே குரல் இரு தடங்களில் சிறிது காலம் பிந்திப் புகுந்து, கலக்கும்போது ஒன்றையொன்று அழித்து, குரல் உள்ளீடற்றதாகக் கேட்கும்.

ஒலிமட்டத்தை அமைத்தல்

இப்பாடத்தின் உயிர்நாடி இப்பகுதியே. எண்முறைக் கருவியில் ஒலிமட்ட அளவுகோலின் உச்சி 0 டெசிபல். அதற்கு மேல் எழுத எண் இல்லை. ஒலி அவ்வெல்லையை முட்டினால் அலையின் முகடு தட்டையாக வெட்டுண்டு, கரகரப்பு ஏற்படும். பழைய நாடா சற்று மிகுதியைப் பொறுத்துக்கொண்டது, எண்முறை பொறுப்பதில்லை. வெட்டுண்ட முகட்டை முழுமையாக மீட்க வழியில்லை.

ஆகவே பாடுவோரைப் பாட்டின் மிக உரத்த பகுதியைப் பாடிக் காட்டச் சொல்லி, அப்போது ஒலிமட்டம் கழித்தல் 12 டெசிபல் அளவில் நிற்குமாறு கெயின் எனப்படும் உள்ளீட்டுப் பெருக்கத்தை அமைக்க வேண்டும். ஒத்திகையில் பாடுவதைவிட உண்மையில் பாடும்போது எவரும் உரக்கவே பாடுவர். அந்த 12 டெசிபல் இடைவெளி அதற்கென ஒதுக்கிய பாதுகாப்பு. கர்த்தால், ஜால்ரா போன்றவற்றின் ஒலி கணத்தில் உச்சிக்குத் தாவுமாதலால் அவற்றிற்கு இன்னும் தாழ்வாக அமைத்தல் தகும்.

இங்கு ஒரு பொதுத் தவறு குறிப்பிடத்தக்கது. கலவைப் பலகையிலுள்ள ஃபேடரைத் தாழ்த்தினால் சிதைவு நீங்கும் என்று பலர் எண்ணுகின்றனர். ஃபேடர் பெரும்பாலான கருவிகளில் கேட்கும் ஒலியை மட்டுமே குறைக்கும். பதிவாகும் ஒலியைக் குறைப்பது உள்ளீட்டுப் பெருக்கமே. அண்மைக் காலத்தில் 32 பிட் மிதவைப் புள்ளி முறையில் பதியும் கருவிகளும் வந்துள்ளன. அவற்றில் மட்டத்தைப் பின்னரும் சீர் செய்யலாம். எனினும் ஒலிவாங்கியே தாங்காத அளவு ஒலி வந்தால் அம்முறையாலும் பயனில்லை.

பதியும் வரிசை

மேற்பதிவு செய்வோர் பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளலாம்.

முதலாவதாகச் சுருதியை உறுதி செய்க. ஆர்மோனியத்தின் சுருதியை நினைத்தபோது மாற்ற இயலாது. தம்பூராவையும் மிருதங்கத்தையும் மாற்றலாம். ஆகவே ஆர்மோனியம் பின்னர்ச் சேருவதாயினும், தொடக்கத்திலேயே அதனோடு தம்பூராவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதை மறந்து பாட்டைப் பதிந்துவிட்டால், கடைசியில் ஆர்மோனியம் பொருந்தாமல் எல்லாவற்றையும் மீண்டும் தொடங்க நேரிடும்.

இரண்டாவதாக முதல் தடத்தில் தம்பூராவையும், இரண்டாம் தடத்தில் தாளத்தையும் பதிக. ஆதி தாளமாயின், பாட்டுத் தொடங்குமுன் 8 அட்சரங்கள் கொண்ட ஓர் ஆவர்த்தனத்தை வாயால் எண்ணிப் பதிந்து வைத்தால், பின்னர்ச் சேர்பவர் எவரும் தடுமாறாமல் எடுப்பில் சேரலாம். முடிவில் இத்தாளத் தடத்தை அடக்கிவிடலாம்.

மூன்றாவதாகக் குரலைப் பதிக. பாடுவோர் முன் தடங்களை ஒலிபெருக்கியில் கேட்டால் அவ்வொலி மீண்டும் ஒலிவாங்கியில் புகும். ஆகவே காதை முழுதும் மூடும் ஹெட்போனில், மிதமான ஒலியில் கேட்க வேண்டும். சுருதி விலகுவதாகத் தோன்றினால் ஒரு காதைத் திறந்துவைத்துப் பாடலாம்.

நான்காவதாக ஏனைய வாத்தியங்களைச் சேர்க்க. ஓரிடத்தில் மட்டும் பிழை நேர்ந்தால், முழுப்பாட்டையும் பாடாமல் அவ்வடியை மட்டும் திரும்பப் பதியும் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு. திருத்தும் முன் பழைய பதிவைப் படியெடுத்து வைத்தல் அறிவுடைமை.

தடங்கள் போதாதபோது, சில தடங்களைக் கலந்து ஒரு தடமாக்கி, பழைய தடங்களை மீண்டும் பயன்படுத்தலாம். இது தடச்சேர்க்கை எனப்படும். நாடாவில் ஒவ்வொரு சேர்க்கையிலும் இரைச்சல் கூடியது. எண்முறையில் அக்குறை இல்லை. ஆயினும் சேர்த்தபின் அவற்றின் அளவுகளைத் தனித்தனியே மாற்ற இயலாது என்பது இன்றும் உண்மை.

இரண்டு தனிக்கருவிகளை ஒரே நேரத்தில் இயக்குவோர் ஒன்றை அறிய வேண்டும். ஒவ்வொரு கருவியின் உட்கடிகாரமும் சிறிது வேறுபடும். பத்து இலட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருப்பினும், ஒரு மணி நேரமான 3,600 விநாடிகளில் அது 0.072 விநாடியாக வளர்ந்து, தாளம் இரட்டிக்கக் கேட்கும். எல்லாத் தடங்களையும் ஒரே கருவியில் பதிவதன் நன்மை இதுவே.

கலத்தல்

கலக்கும்போது எல்லாத் தடங்களையும் தாழ்த்திவிட்டு, முதலில் குரலை உயர்த்தி, அதற்குத் துணையாகும் அளவிலேயே ஏனையவற்றைச் சேர்க்க வேண்டும். சொற்கள் தெளிவாக விளங்காவிடில் குரலை ஏற்றுவதற்கு முன் வாத்தியங்களைக் குறைத்துப் பார்க்க. குரலின் தடத்தில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட ஒலிகளை வடிகட்டினால் காலடி அதிர்வும், மின்வழியின் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் தணியும். வாத்தியங்களை இடமும் வலமும் சிறிது விலக்கிவைத்தால் ஒன்று மற்றொன்றை மறைக்காது. செயற்கை எதிரொலியை உப்பைப்போல் அளவோடு சேர்க்க. முடிந்த கலவையை ஹெட்போனிலும், வகுப்பறையிலுள்ள சிறு ஒலிபெருக்கியிலும் கேட்டுப் பார்த்து, மறுநாள் செவி தெளிந்த பின்னர் முடிவு செய்தல் சிறப்பு.

பாதுகாத்தலும் உரிமையும்

பதிவின் தொடக்கத்தில் நாள், இடம், பாடுவோர் பெயர், பாட்டின் பெயர் ஆகியவற்றை வாயால் கூறிப் பதிந்துவிட்டால், தாள் தொலைந்தாலும் செய்தி தொலையாது. அன்று மாலையே கோப்புகளைப் படியெடுக்க வேண்டும். மொத்தம் மூன்று படிகள், இரு வேறு வகைச் சாதனங்களில், ஒன்று வேறோர் ஊரில் என்பது நல்ல விதி. கலந்த வடிவத்தை மட்டுமன்றித் தனித்தடங்களையும் சேமிக்க வேண்டும். நாளை ஆராய்வோர்க்குக் கலவையைவிடத் தனித்தடமே பயன்படும். 1960இல் ராஜஸ்தானத்துப் போருந்தாவில் தோன்றிய ரூபாயன் சன்ஸ்தான் போன்ற நிறுவனங்கள் நாட்டார் இசையைப் பதிந்து காத்தமையால்தான், பல பாடல்களைப் பிற்காலத்தோர் கேட்க முடிகிறது.

பாடியவரின் உரிமையும் காக்கப்பட வேண்டியதே. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்யப்பட்ட திருத்தம் நிகழ்த்துவோருக்குத் தனி உரிமை வழங்கியது. பதிவுக்கு முன் நோக்கத்தை விளக்கி, இசைவு பெற்று, அவ்விசைவையும் பதிந்து, பின்னர் ஒரு படியை அவருக்கே அளித்தல் வேண்டும். இது சட்டம் மட்டுமன்று. நம்பி வந்து பாடியவருக்குச் செய்யும் மரியாதையும் ஆகும்.

பயிற்சி

1. ஒரே வாக்கியத்தை 15, 30, 60 சென்டிமீட்டர் தொலைவுகளில் நின்று பேசிப் பதிக. ஒலிமட்டம் ஒவ்வொரு முறையும் எத்தனை டெசிபல் குறைகிறது என்பதைக் குறித்து, மேலே கூறிய விதியோடு ஒப்பிடுக.

2. வெற்றறையிலும், போர்வை தொங்கவிட்ட அறையிலும் ஒரு கைதட்டலைப் பதிந்து, அதிர்வு அடங்கும் நேரத்தை ஒப்பிடுக.

3. விநாடிக்கு 44,100 அளவுகளும் 16 பிட்டும் கொண்டு 4 தடங்களில் அரை மணி நேரம் பதிந்தால் எவ்வளவு இடம் தேவை என்பதைக் கணக்கிடுக. விடை: சுமார் 635 மெகாபைட்.

4. தாளம், பாட்டு, ஆர்மோனியம் ஆகிய மூன்றையும் மேற்பதிவு செய்து, குரலை அடக்கி, மாணவர் ஒருவரைப் பாடச் செய்க.

இப்பயிற்சிகளை வீட்டில் பலமுறை செய்து, விளக்கின்றியும் பொத்தான்களை அறியும் அளவு பழகிய பின்னரே களத்திற்குச் செல்லுதல் தகும். புதிய மின்கலங்கள், வெற்று நினைவு அட்டை, மாற்றுக் கம்பி, ஹெட்போன் ஆகிய நான்கும் பையில் உள்ளனவா என்பதைப் புறப்படுமுன் பார்க்க. பிழையைத் திருத்த வீட்டில் பல நாட்கள் உண்டு. முதிய பாடகரின் திண்ணையில் அன்று ஒரு மாலை மட்டுமே உண்டு.